பில் வீக் (1914–1986)

அமெரிக்க பேஸ்பால் உரிமையாளர் பில் வீக் பற்றிய பேச்சு பெரும்பாலும் அவர் நடத்திய வேடிக்கைகளோடு முடிந்துவிடும். அவர் கையில் இருந்த அணிகளின் வரவுசெலவை வரிசையாகப் பார்த்தால் வேறொரு மனிதர் தெரிகிறார். பணக்கார கிளப்புகளுக்குச் சாதகமாக அமைந்த ஒரு தொழிலில் ஏழை அணி எப்படிப் பிழைக்கும் என்ற கேள்வியை வாழ்நாள் முழுக்க விடாமல் பற்றியிருந்தவர் அவர். வேடிக்கை அதற்கு அவர் கண்ட பதில்களில் ஒன்றுதான். சிறந்த பதில் அதுவல்ல.

சிகாகோவில் பிறந்தவர். தந்தை சிகாகோ கப்ஸ் அணியின் தலைவர். அந்த அணியின் ரிக்லி மைதானச் சுவரில் இன்றும் படர்ந்திருக்கும் கொடி, 1937-இல் வீக் அங்கே ஊழியராக இருந்தபோது நடப்பட்டது. பெரிய சொத்து இல்லாததால் கூட்டாளிகளின் பணத்தைத் திரட்டியே அணிகளை வாங்கினார். 1941-இல் மில்வாக்கியின் சிறு லீக் அணியில் தொடங்கி, போரில் காலில் அடிபட்டுத் திரும்பி, 1946-இல் கிளீவ்லாந்து இந்தியன்ஸை வாங்கினார். அந்தக் காலை அதே ஆண்டில் எடுக்க வேண்டியதாயிற்று. 1947 ஜூலையில் லாரி டோபியைச் சேர்த்தார். அமெரிக்கன் லீக்கில் ஆடிய முதல் கறுப்பின வீரர் டோபிதான். இன்னொரு லீக்கில் கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சனை எடுத்த அணி நிர்வாகி பிராஞ்ச் ரிக்கி, ராபின்சனின் பழைய கறுப்பின அணிக்கு எதுவும் கொடுக்கவில்லை. வீக்கோ டோபிக்காக அவருடைய பழைய அணியான நியூவார்க் ஈகிள்ஸுக்குப் பணம் கொடுத்தார். மறு ஆண்டு 42 வயது கறுப்பினப் பந்துவீச்சாளர் சாச்செல் பெய்ஜைக் கொண்டுவந்தபோது விளம்பரத்துக்காகச் செய்கிறார் என்றார்கள். பெய்ஜ் 6 ஆட்டங்களை வென்று ஒன்றில்தான் தோற்றார். கிளீவ்லாந்து உலகத் தொடரை வென்றது, 26 லட்சத்துக்கும் அதிகமானோர் மைதானத்துக்கு வந்தார்கள். நட்சத்திரங்களுக்கு மட்டும்தான் பாராட்டு நாளா என்று அப்போது ஒரு இரவுக் காவலாளி பத்திரிகைக்குக் கடிதம் எழுத, அவருக்கே ஒரு பாராட்டு இரவு நடத்திப் புதிய ஃபோர்டு காரைப் பரிசளித்தார் வீக். கிளீவ்லாந்துக்கு முன்பே ஃபிலடெல்ஃபியா அணியை வாங்கிக் கறுப்பின வீரர்களால் நிரப்ப முயன்றதாகத் தன்வரலாற்றில் சொல்லியிருக்கிறார். ஆய்வாளர்கள் சிலர் அதை நம்பவில்லை. அதைத் தள்ளிவைத்தாலும், கறுப்பின வீரர்களுக்கு அவர் கதவைத் திறந்தார் என்பதற்கு டோபியும் பெய்ஜும் போதிய சான்று.

1951-இல் வாங்கிய செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸ் நொடித்துக் கிடந்த அணி. அவ்வாண்டு ஆகஸ்ட் 19 அன்று 3 அடி 7 அங்குல உயரமுள்ள எடி கேடலை மட்டையோடு அனுப்பினார். முதுகில் எண் 1/8. நான்கு பந்துகளும் அவருக்கு எட்டாத உயரத்தில் போக, விதிப்படி கேடல் ஓடாமலேயே முதல் தளத்தை அடைந்தார். ஒரு மனிதரின் உடலைக் காட்சிப்பொருளாக்கியது தவறு என்ற ஆட்சேபம் நியாயமானது. கூட்டம் சேர்ந்தது என்பதைக் காட்டி அதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் அந்த ஒரு நாளோடு பிரவுன்ஸ் காலத்தை முடித்துவிடுவதும் பிழை. தொலைக்காட்சி வருமானத்தில் விருந்தாளி அணிக்கும் பங்கு வேண்டும், இரண்டு அணிகள் இல்லாமல் ஆட்டமே இல்லையே என்று அவர் அப்போது வாதாடினார். சக உரிமையாளர்கள் மறுத்தார்கள். அணியை பால்டிமோருக்கு மாற்ற அவர் கேட்டபோதும் தடுத்தார்கள். 1953-இல் அவர் விற்றுவிட்டு வெளியேறியதும் அதே இடமாற்றத்துக்குச் சம்மதித்தார்கள். மறுப்பு திட்டத்துக்கு அல்ல, ஆளுக்கு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

1959-இல் சிகாகோ ஒயிட் சாக்ஸை வாங்கினார். அவ்வாண்டே அந்த அணி, 40 ஆண்டுகளுக்குப் பிறகு, லீக் பட்டம் வென்றது. உடல்நலம் கெட்டு 1961-இல் விற்றார். ஒப்பந்தம் முடிந்த பிறகும் வீரரை அதே கிளப்போடு கட்டிப்போட்ட விதியை எதிர்த்து ஆட்டக்காரர் கர்ட் ஃப்ளட் 1970-இல் வழக்காடியபோது, முன்னாள் உரிமையாளரான வீக் அவர் பக்கம் சாட்சி சொன்னார். விதியைப் படிப்படியாகத் தளர்த்தலாம் என்பது வீக்கின் யோசனை. அது ஏற்கப்படவில்லை. 1975 டிசம்பரில் அவர் ஒயிட் சாக்ஸை மீண்டும் வாங்கிய சில நாட்களிலேயே தொழில் தகராறு நடுவரின் தீர்ப்பு ஒன்று அந்த விதியை ஒரே அடியில் உடைத்தது. சம்பளங்கள் எகிறின. ஓராண்டுக்கு மட்டும் வீரர்களைப் பிடித்து 1977-இல் 90 ஆட்டங்களை வென்றார். முக்கிய ஆட்டக்காரர்கள் பருவம் முடிந்ததும் கிளம்பிவிட்டார்கள். 1979 ஜூலை 12 அன்று டிஸ்கோ இசைத்தட்டுகளை மைதானத்தில் வெடிவைத்துத் தகர்த்த விளம்பர இரவு கலவரமாகி, அன்றைய இரண்டாவது ஆட்டம் ஆடாமலேயே எதிரணிக்குப் போனது. அதற்குச் சாக்குச் சொல்ல இடமில்லை. வீரர் ஒப்பந்தங்களுக்குத் தேய்மானம் கணக்கிட்டு வரியைக் குறைக்கும் வழியைக் காட்டியவரும் அவரே. அவரைவிடப் பெரும் பணக்காரர்களுக்குத்தான் அது அதிகம் பயன்பட்டது. அத்தகையவர்களோடு ஏலத்தில் போட்டியிட முடியாமல் 1981-இல் ஒயிட் சாக்ஸை விற்றார். பேஸ்பால் புகழ்மண்டபம் 1991-இல், அவர் இறந்து ஐந்து ஆண்டுகள் கழித்து, அவரைச் சேர்த்துக்கொண்டது.