பள்ளிவாசலில் எழுந்த மருத்துவக் கூடாரம்

ஹிஜ்ரி 5ஆம் ஆண்டு (கி.பி. 627) நிகழ்ந்த அகழ்ப் போரில் ஸஅத் இப்னு முஆத் (ரழி) அவர்கள் அம்பு தைத்துக் காயமுற்றார்கள். அருகிலிருந்தே நலம் விசாரிப்பதற்காக அண்ணல் நபி (ஸல்) அவர்கள், அவரை மஸ்ஜிதுந் நபவியிலேயே ஒரு கூடாரத்தில் தங்கவைத்தார்கள். அங்கு காயங்களுக்கு மருந்திட்டவர் அஸ்லம் கோத்திரத்துப் பெண்மணி ருஃபைதா (ரழி) அவர்கள். கவனிப்பாரற்றோருக்குப் பணிவிடை செய்து, அதற்கான கூலியை அவர் அல்லாஹ்விடமே எதிர்பார்த்தார் என்கிறார் வரலாற்றாசிரியர் இப்னு இஸ்ஹாக்.

ஸஅத் (ரழி) அவர்கள் அக்காயத்தாலேயே வபாத்தானார்கள். எனினும் அப்பணிவிடை வீணாகவில்லை. குணமளிப்பவன் இறைவன், பராமரிப்பதே நம் கடமை.

தோட்டவெளியிலும் மன்னார்க் கரையெங்கும் வாழும் பெற்றோரே! தாதியாக விரும்பும் மகளைத் தடுக்குமுன், தொழுமிடத்தில் நின்ற அக்கூடாரத்தை எண்ணிப் பாருங்கள். இளைஞர்களே! படுக்கையிலிருக்கும் உம்மம்மாவுக்கு ஒரு மிடறு நீர் புகட்டுவதும் அவ்வழியே.