கோபுரத்துக்குப் பக்கத்து வீடு

மதுரை விளக்குத்தூணை 1858-லேயே ஒருவர் படமெடுத்திருக்கிறார். அவர் பெயர் லின்னேயஸ் டிரைப். கிழக்கிந்தியக் கம்பெனிப் படை அதிகாரியான அவர், 1856-ல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டார். 1857 டிசம்பரில் மாட்டுவண்டிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்டு, ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை என்று சுற்றினார்.

மெழுகு ஊட்டிய காகிதம்தான் பெரும்பாலும் அவருடைய நெகட்டிவ். அளவு ஏறக்குறைய 12க்கு 15 அங்குலம். அதை வெள்ளி நைட்ரேட் கரைசலில் ஊறவைத்துக் கேமராவில் பொருத்தி, நிமிடக்கணக்கில் வெளிச்சம் காட்ட வேண்டும். அந்த நேரத்தில் தெருவில் நடந்துபோனவர்கள் படத்தில் விழவே மாட்டார்கள். அசையாமல் நின்ற கல்லும் மரமும் சுவரும் மட்டுமே பதியும். அவர் படங்களில் ஊர்கள் ஆளரவமற்றுத் தெரிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அழிவதற்குள் பதிந்துவிட வேண்டும் என்பதே அவர் நோக்கம். ஆனால் அவர் படமெடுத்தவற்றில் கோயிலும் கோட்டையும் அரண்மனையும்தான் முன்வரிசையில் நின்றன. கலெக்டர் பிளாக்பர்ன் நினைவாக நட்ட அந்த மதுரை விளக்குத்தூண் அவற்றில் இடம்பெற்றதே அபூர்வம். குடியானவன் வீட்டுத் திண்ணைக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. 1859-ல் சென்னை ஆளுநராக வந்த டிரெவெல்யன், இது ஆடம்பரச் செலவு என்று சொல்லி அந்த வேலையையே நிறுத்தச் சொல்லிவிட்டார்.

வீடுகளின் முறை வர வெகுகாலம் ஆயிற்று. புதுச்சேரியில் பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு பழைய வீடுகளைத் தெருத்தெருவாகக் கணக்கெடுத்தது. வைசியாள் வீதியில் 20 வீடுகளின் முகப்புகள், திண்ணையும் தெருவைப் பார்த்த தாழ்வாரமுமாகப் புதுப்பிக்கப்பட்டன. 2008-ல் அந்த வேலைக்கு யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் விருது கிடைத்தது.

திருமலையில் நடந்தது வேறு. 15-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஆயிரங்கால் மண்டபம் 2003-ல் அகற்றப்பட்டபோது அது ஊரெங்கும் பேச்சாயிற்று. மாடவீதிகளில் தலைமுறைகளாக இருந்த குடியிருப்புகளும் பக்தர் கூட்டத்துக்கு வழிவிட்டுப் போயின. மண்டபத்தைப் பற்றி எழுதியவர்கள் பலர். அந்த வீடுகளின் சமையற்கட்டு எப்படி இருந்தது, முற்றத்துக்கு வெளிச்சம் எங்கிருந்து வந்தது என்பதற்கெல்லாம் குடும்ப ஆல்பங்களைத்தான் நம்ப வேண்டும். கல்யாணப் படங்களில் மணமக்களுக்குப் பின்னால் தெரியும் நிலைக்கதவுதான் அங்கே சாட்சி.

சித்தூரில் பழைய வீடுகளைப் படமெடுத்து வைப்பது இன்னும் அவசரம். 1911-ல் தனி மாவட்டமாகும் முன்பு வடாற்காட்டுக்கே தலைமையிடமாக இருந்த ஊர் அது. குமாஸ்தாவும் வக்கீலும் வியாபாரியும் தமிழும் தெலுங்கும் பேசி வாழ்ந்த ஓட்டு வீடுகள் இடிந்து, அந்த இடங்களில் கான்கிரீட் எழும்பிக்கொண்டிருக்கிறது. கைபேசி வைத்திருக்கும் எவரும் இந்த வேலையைச் செய்யலாம். முகப்பை எதிரே நின்று நேராக ஒரு படம். தூண், நிலை, ஜன்னல் கம்பி, கிணற்று ராட்டினம், அம்மிக்கல் இவற்றுக்குக் கிட்டத்தில் ஒவ்வொரு படம். பக்கத்தில் ஓர் அளவுகோல். தெருப் பெயரையும் தேதியையும் அன்றே எழுதிவைத்துவிட வேண்டும்.