பர்மிட் கேட்காத பச்சை வண்டி

பெரிய நிறுவனங்கள் இப்போது மின்சார லாரிகளையும் வேன்களையும் வாங்கி, அதைப் பெருமையாக அறிவிக்கின்றன. பச்சைப் பலகையில் மஞ்சள் எழுத்தோடு அந்த வண்டிகள் நம் தெருக்களில் ஓடத் தொடங்கிவிட்டன. புகை இல்லை, இரைச்சல் இல்லை, டீசல் செலவு இல்லை என்கிறார்கள். இதில் பொய் ஒன்றும் இல்லை. டீசல் எஞ்சினில் எரியும் ஆற்றலில் பாதிக்கு மேல் வெப்பமாகவே வீணாகிறது. மின்மோட்டாரோ தனக்குக் கிடைக்கும் ஆற்றலில் பெரும்பகுதியைச் சக்கரத்துக்குக் கொடுத்துவிடுகிறது.

இந்த மாற்றத்தை நாம் வரவேற்கிறோம். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2012இல் உறுதிசெய்தது. அந்தப் புகையில் நாள் முழுக்க நிற்பவர்கள் யார்? சாலையைக் கூட்டுகிறவர்கள், குப்பை அள்ளுகிறவர்கள், லாரியில் சுமை ஏற்றி இறக்குகிறவர்கள், ஓட்டுநர்கள், கிளீனர்கள், லாரிகள் ஓயாமல் போகும் சாலையோரம் குடிசை போட்டிருப்பவர்கள். அவர்களில் நம் மக்கள் எத்தனை பேர் என்று நமக்கு யாரும் எண்ணிச் சொல்ல வேண்டியதில்லை. புகை குறைந்தால் முதலில் மூச்சு விடப்போவது நாம்தான்.

ஆனால் வண்டி மாறும்போதெல்லாம் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அந்த வண்டி யாருடைய நிபந்தனையின் கீழ் ஓடுகிறது? இந்தக் கேள்விக்கு நம் மண்ணில் நூறாண்டு வரலாறு இருக்கிறது.

மோட்டார் பஸ் கிராமங்களுக்கு வந்தபோது அதுவும் நவீனம் என்றுதான் கொண்டாடப்பட்டது. ஆனால் பல தனியார் பஸ்களில் தீண்டப்படாதவர்களுக்கு இடம் கிடையாது. பெட்ரோலில் ஓடிய வண்டி சாதியையும் ஏற்றிக்கொண்டுதான் ஓடியது. சுயமரியாதை இயக்கத் தலைவர்களில் ஒருவரான ஊ.பு.அ. சௌந்தரபாண்டியனார், ராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக இருந்தபோது இதற்கு ஒரு முடிவு கட்டினார். ஆதிதிராவிடர்களை ஏற்ற மறுக்கும் பஸ்களின் லைசென்ஸ் ரத்தாகும் என்று உத்தரவிட்டார். முதலாளிகளின் மனம் மாறட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. பொதுச் சாலையில் வியாபாரம் செய்ய வேண்டுமா, பொது நீதிக்குக் கட்டுப்படு என்றார். லைசென்ஸ் என்ற ஒரு காகிதம் சாதியின் கையை முறுக்கியது.

1939இல் வந்த மோட்டார் வாகனச் சட்டம் அந்தக் காகிதத்தை நாடு முழுவதற்குமான பர்மிட் முறையாக்கியது. வாடகைக்கு ஆளையோ சரக்கையோ ஏற்றும் வண்டிக்கு அரசின் அனுமதி வேண்டும் என்றானது. 1978இல் வந்த திருத்தம் இன்னும் ஒரு படி மேலே போனது. பஸ் பர்மிட்டுகளில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் ஒரு பங்கை மாநில அரசு ஒதுக்க வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதப்பட்டது. பயணி என்ற இடத்திலிருந்து உரிமையாளர் என்ற இடத்துக்கு நாம் நகர ஒரு வழி திறந்தது.

1988இல் வந்த புதிய சட்டத்திலும், 71ஆம் பிரிவில், இது தொடர்ந்தது. நகரங்களில் பஸ்களின் எண்ணிக்கைக்கு வரம்பு விதிக்கும்போது, அரசு வேலை நேரடி நியமனத்தில் உள்ள அதே விகிதத்தில் பர்மிட் ஒதுக்க வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. தமிழ்நாட்டுக் கணக்கில் அது பட்டியல் சாதியினருக்கு 18 சதவீதம், பழங்குடியினருக்கு 1 சதவீதம். நம் இளைஞர்களில் எத்தனை பேருக்கு இப்படி ஒரு பிரிவு இருப்பது தெரியும்?

இப்போது மின்சார வண்டிக்கு வருவோம். 2018 அக்டோபரில் ஒன்றிய அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டது. பேட்டரியில் ஓடும் போக்குவரத்து வாகனங்களுக்குப் பர்மிட் தேவையில்லை என்றது அது. சுற்றுச்சூழலுக்கு உகந்த வண்டிகளை ஊக்குவிக்கத்தான் இந்தச் சலுகை. பேட்டரி ஆட்டோ வாங்கிய ஏழைக்கு இது உதவியிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அதே சலுகை நூறு பஸ் வாங்கும் நிறுவனத்துக்கும் உண்டு. பர்மிட்டே வேண்டாம் என்றால் பர்மிட்டில் ஒதுக்கீடு எங்கே நிற்கும்? யாரும் விவாதிக்காமல், இடஒதுக்கீடு என்ற சொல்லையே உச்சரிக்காமல், 40 ஆண்டு பழைய ஓர் உரிமை புதிய வண்டியின் வாசலிலேயே நின்றுவிட்டது.

வேலையிலும் இதே கதைதான். 2025 ஜூன் 30 அன்று சென்னை வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சார பஸ்கள் கிளம்பின. உழைக்கும் மக்கள் நிறைந்த வட சென்னையிலிருந்து புகையில்லா பஸ் புறப்படுவது நல்ல காட்சி. ஆனால் பஸ்ஸின் உரிமை தனியார் நிறுவனத்திடம் இருக்கிறது. ஓடும் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று போக்குவரத்துக் கழகம் அதற்குப் பணம் கொடுக்கிறது. ஓட்டுநர் அந்த நிறுவனத்தின் ஆள். போக்குவரத்துக் கழகத்தின் ஓட்டுநர் வேலை என்றால் இடஒதுக்கீடு உண்டு. நம் குடும்பங்களில் முதல் மாதச் சம்பளமும் பென்ஷனும் அந்தக் காக்கிச் சட்டையில்தான் வந்தன. ஒப்பந்த நிறுவனத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

சரக்கு வண்டியைப் பாருங்கள். ஒன்றிய அரசின் பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் ஒரு மின்சார லாரிக்கு 9.6 லட்சம் ரூபாய் வரை மானியம். சுமார் 5,600 லாரிகளுக்கு இது கிடைக்கும் என்று 2025 ஜூலையில் அறிவித்தார்கள். மானியம் பெறப் பழைய லாரியை உடைத்ததற்கான சான்றிதழ் வேண்டும். அந்தப் பழைய லாரி பல நேரங்களில் ஒரே ஒரு வண்டி வைத்துப் பிழைப்பவனுடைய சொத்தாக இருக்கும். லாரியின் எடையையும் பேட்டரியின் அளவையும் வைத்து மானியம் கணக்கிடப்படுகிறது. வாங்குகிறவன் யார், ஓட்டுகிறவனுக்கு என்ன கூலி என்பது அந்தக் கணக்கில் வருவதில்லை.

புகை எங்கே போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். சென்னையில் மின்சார டிராம் 1895இலேயே ஓடத் தொடங்கியது, 1953இல் நின்றது. டிராம் ஓடிய வீதிகளில் புகை இல்லை. ஆனால் நகரத்துக்கு மின்சாரம் தந்த நிலக்கரி நிலையம் எழுந்தது வட சென்னையின் பேசின் பிரிட்ஜில். பிறகு 1970இல் எண்ணூர் அனல்மின் நிலையம், 1994இல் வட சென்னை அனல்மின் நிலையம், அதன் பின் வல்லூர் என்று எல்லாம் அதே திசையில் வந்தன. அவற்றின் சாம்பல் கொசஸ்தலை ஆற்றிலும் கழிமுகத்திலும் படிந்தது. செப்பாக்கம் மக்கள் சாம்பல் குளத்தின் ஓரத்தில் வாழ்கிறார்கள். 2023-24இல்கூட இந்தியாவின் மின்சாரத்தில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு நிலக்கரியிலிருந்து வந்தது. நிறுவனத்தின் கணக்கில் அண்ணாசாலையின் புகை குறைகிறது. எண்ணூரின் சாம்பல் அந்தக் கணக்கில் ஏறுவதில்லை.

இதனால் மின்சாரமே வேண்டாம் என்று சொல்கிறவர்கள் இல்லை நாம். 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த அண்ணல் அம்பேத்கர்தான் மின்சாரக் கொள்கையையும் கவனித்தார். மலிவான, தாராளமான மின்சாரம் இல்லாமல் தொழில்மயம் இல்லை, தொழில்மயம் இல்லாமல் வறுமையிலிருந்து விடுதலை இல்லை என்று 1943இலேயே வாதிட்டார். அடிப்படைத் தொழில்கள் அரசின் கையில் இருக்க வேண்டும் என்றும் அவர் எழுதினார். அவருக்கு மின்சாரம் என்பது சமூக நீதியின் கருவி.

அந்த வழியில் நாம் கேட்பது இவைதான். பொதுப் பணத்தில் மானியம் பெறும் மின்சார வண்டிகளில் 18 சதவீதம் பட்டியல் சாதியினருக்கும் 1 சதவீதம் பழங்குடியினருக்கும் போக வேண்டும், குறைந்த வட்டிக் கடனோடு. கிலோமீட்டர் கணக்கில் பணம் வாங்கும் நிறுவனங்கள் ஓட்டுநர் வேலையில் இடஒதுக்கீட்டைப் பின்பற்ற வேண்டும்; அதை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். பசுமை என்று விளம்பரம் செய்யும் நிறுவனம் தன் வண்டிகளுக்குக் காற்றாலையிலோ சூரிய ஒளியிலோ மின்சாரம் வாங்க வேண்டும். பழைய பேட்டரிக்கு உற்பத்தியாளரே பொறுப்பு என்கின்றன 2022இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள். அந்தப் பேட்டரிகள் சேரி ஓரத்து உலைகளுக்கு வந்து சேராமல் அரசு தடுக்க வேண்டும்.

சௌந்தரபாண்டியனார் கையில் அன்று இருந்தது லைசென்ஸ் மட்டும்தான். இன்றைய அரசின் கையில் மானியம், வரிவிலக்கு, ஒப்பந்தம் என்று எவ்வளவோ இருக்கின்றன. அவற்றில் நிபந்தனை எழுதச் சொல்லி உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் மனு கொடுங்கள். 71ஆம் பிரிவின் நகலையும் அதோடு இணையுங்கள்.