பன்னிரண்டு புள்ளி பெற்ற தச்சர்

திரை இருண்டிருக்கிறது. உருவம் எதுவும் தெரியவில்லை. இரு குரல்கள் மட்டும் கேட்கின்றன. மதிப்பீட்டாளரான ஒரு பெண், தம்மிடமுள்ள வினாக்களை ஒவ்வொன்றாகக் கேட்கிறார். தொப்பி அணிவதுபோல் கையைத் தலைவரை உயர்த்த இயலுமா என்பது அவற்றுள் ஒன்று. கை கால்களில் குறையில்லை, நோய் இதயத்தில்தான் என்று 59 வயதுத் தச்சர் ஒருவர் சொல்லிப் பார்க்கிறார். மதிப்பீட்டாளரோ அடுத்த வினாவிற்குச் சென்றுவிடுகிறார்.

கென் லோச் இயக்கி, பால் லாவர்ட்டி எழுதிய 'நான், டேனியல் பிளேக்' (2016) என்னும் ஆங்கிலத் திரைப்படம் இவ்வாறு தொடங்குகிறது. அவ்வாண்டு கான் திரைப்பட விழாவில் மிக உயரிய தங்கப் பனை விருதைப் பெற்ற படம் இது. இங்கிலாந்தின் வடக்கே நியூகாசில் நகரில் வாழும் டேனியலை, மாரடைப்பிற்குப் பின் வேலைக்குச் செல்லக்கூடாது என மருத்துவர் தடுக்கிறார். அரசின் மதிப்பீடோ அவருக்கு 12 புள்ளிகளே தருகிறது. உதவித்தொகை பெற 15 வேண்டும். வேறு வழியின்றி, வேலை தேடுவோருக்கான தொகையைக் கேட்டு விண்ணப்பிக்கிறார். அதற்கு வாரம் 35 மணி நேரம் வேலை தேட வேண்டும். கிடைத்தாலும் ஏற்க முடியாத வேலையைத் தேடி அவர் நாள்தோறும் அலைகிறார்.

இக்கொடுமை ஓர் அலுவலகத்தின் பிழையன்று. அதற்கு நானூறு ஆண்டு வரலாறு உண்டு. 1601ஆம் ஆண்டின் ஏழையர் சட்டம், வறியோரைக் காக்கும் பொறுப்பை ஒவ்வொரு பங்கின்மீதும் சுமத்தியது. அத்துடன், உழைக்க இயலாதவர் யார், இயன்றும் உழைக்காதவர் யார் என்று பிரித்துப் பார்க்கவும் செய்தது. 1834ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் இப்பிரிவினையைக் கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டி எழுப்பியது. 'வொர்க்ஹவுஸ்' எனப்பட்ட ஏழையர் பணியில்லங்களில் கணவனும் மனைவியும் பிள்ளைகளும் தனித்தனியே பிரிக்கப்பட்டனர். வெளியே வாழும் கடைநிலைக் கூலியாளின் நிலையைவிட உள்ளே இருப்போரின் நிலை தாழ்ந்திருக்க வேண்டும் என்பதே அன்றைய கொள்கை. உதவி கேட்பவர் அஞ்ச வேண்டும்; அவ்வச்சமே தேர்வாக அமைய வேண்டும்.

இரண்டாம் உலகப் போரின் நடுவில், 1942 டிசம்பரில் வெளியான பெவரிட்ஜ் அறிக்கை வேறொரு வழியைக் காட்டியது. வறுமை, நோய், அறியாமை, சுகாதாரக்கேடு, வேலையின்மை ஆகிய ஐந்தையும் வீழ்த்த வேண்டிய அரக்கர்களாக அது உருவகித்தது. 1948ஆம் ஆண்டின் தேசிய உதவிச் சட்டம் பழைய ஏழையர் சட்டத்திற்கு முடிவு கட்டியது. பிச்சையாகக் கருதப்பட்டது உரிமையாயிற்று.

ஆயினும் பழைய சுவர்கள் எளிதில் இடிவதில்லை. 1966 நவம்பர் 16 அன்று, அதே கென் லோச் தம் முப்பதாவது வயதில் இயக்கிய 'கேத்தி கம் ஹோம்' என்னும் நாடகத்தை பி.பி.சி. தொலைக்காட்சி ஒளிபரப்பியது. ஏறத்தாழ 1 கோடியே 20 இலட்சம் பேர் அதைக் கண்டனர். விபத்தால் கணவன் வருவாய் இழக்க, வீடிழந்த இளந்தாய் ஒருத்தி விடுதி விடுதியாக அலைகிறாள். அவ்விடுதிகளில் கணவனுக்கு இடமில்லை. அன்று உண்மையிலேயே அத்தகைய விடுதிகள் சில, பழைய பணியில்லக் கட்டடங்களிலேயே இயங்கின! இறுதியில், இரயில் நிலையத்தில் அவளுடைய குழந்தைகளை அலுவலர்கள் பறித்துச் செல்கின்றனர். நாடு கலங்கியது. ஏற்கெனவே திட்டமிடப்பட்டிருந்த 'ஷெல்டர்' என்னும் தொண்டமைப்பு டிசம்பர் 1 அன்று தொடங்கப்பட்டபோது மக்களின் பேராதரவைப் பெற்றது. வீடற்ற குடும்பங்களுக்கு உறைவிடம் தருவதை உள்ளாட்சிகளின் கடமையாக்கும் சட்டம் 1977இல்தான் வந்தது.

பின்னர் காலம் மீண்டும் திரும்பியது. டேனியல் எதிர்கொள்ளும் புள்ளிமுறை மதிப்பீடு 2008இல் நடைமுறைக்கு வந்தது. 2012ஆம் ஆண்டின் சட்டம், விதிகளுக்கு இணங்காதவரின் தொகையை மூன்று ஆண்டுகள் வரைகூட நிறுத்த இடமளித்தது. 2019இல்தான் அவ்வரம்பு ஆறு மாதமாகக் குறைக்கப்பட்டது. படத்தில், கேத்தி என்பதை ஒத்த பெயருடைய இன்னொரு தாய், குறித்த நேரத்திற்குச் சற்றுப் பிந்தி வந்ததற்காகத் தண்டிக்கப்படுகிறாள். பிள்ளைகளுக்கு ஊட்டிவிட்டுத் தான் பட்டினி கிடந்தவள், இலவச உணவு வழங்கும் மையத்தில் பசி தாளாமல் டப்பாவைத் திறந்து, கையால் அள்ளி உண்டு, உடனே வெட்கத்தால் குமுறி அழுகிறாள். பார்த்தவர் எவரும் மறக்க முடியாத காட்சி இது. 2015-16ஆம் ஆண்டில் டிரசல் அறக்கட்டளையின் உணவு மையங்கள் மட்டும் 11 இலட்சத்திற்கும் மேற்பட்ட உணவுப் பொதிகளை வழங்கின என்பதை இதனோடு சேர்த்து எண்ண வேண்டும்.

அலுவலர்களை நியாயமின்றிச் சித்திரிக்கும் படம் என்று முன்னாள் அமைச்சர் ஒருவர் குறைகூறினார். ஆனால் டேனியலுக்கு இரங்கி உதவும் அலுவலர் ஒருத்தியையும் படம் காட்டுகிறது. அவளை மேலாளர் கண்டிக்கிறார். இரக்கமுள்ளவர் இல்லாமற்போனதன்று துயரம். இரக்கம் விதிமீறலாகிவிட்டதே துயரம். 2018இல் பிரிட்டனுக்குச் சென்று ஆய்ந்த ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டனும், பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பணியில்லத்தின் நிழலையே அங்குக் கண்டார். டேனியலைப் போன்றோர் மேல்முறையீட்டிற்கு முன்னர், உதவித்தொகையின்றி மறுபரிசீலனைக்குக் காத்திருக்க வேண்டும் என்ற விதி சட்டத்திற்குப் புறம்பானது என்று 2020இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. திரையில் வரும் டேனியலுக்கோ அந்நீதி எட்டவில்லை. மேல்முறையீட்டு நாளன்று, விசாரணை தொடங்குமுன்னரே அவர் இதயம் நின்றுவிடுகிறது.

அன்று வாசிப்பதற்காகத் தச்சர் தம் பென்சிலால் எழுதி வைத்திருந்த தாளை, அடக்கச் சடங்கில் அந்தத் தாய் வாசிக்கிறாள். சலுகை எதையும் அவர் கேட்கவில்லை. எண்ணாகவோ புள்ளியாகவோ அல்லாமல், மனிதராக, குடிமகனாகத் தம்மை மதிக்கவே கேட்கிறார். 1601 முதல் ஏழையிடம் கேட்கப்பட்டுவரும் கேள்வி, 'நீ தகுதியுள்ளவனா?' என்பது. உதவி கேட்டு நம் வாசலில் ஒருவர் வந்து நிற்கும்போது, நம் வாயில் முதலில் எழுவதும் அதே கேள்விதானா?