வாய்வழி நீரேற்றமும் களப்பணிப் பெண்களும்: வங்காளதேச அனுபவம் (1979–1990)

சர்க்கரையும் உப்பும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தே காலரா நோயாளியின் நீரிழப்பைப் பெருமளவு ஈடுசெய்யலாம் என்பதை டாக்கா காலரா ஆய்வுக்கூடத்தில் 1968இல் டேவிட் நலின், ரிச்சர்ட் கேஷ் ஆகியோர் மேற்கொண்ட ஆய்வு உறுதிப்படுத்தியது. 1971இல் பன்காவ் அகதி முகாமில் திலீப் மகலனாபிஸ் இம்முறையைக் கையாண்டபோது இறப்பு விகிதம் சுமார் 30 விழுக்காட்டிலிருந்து 4 விழுக்காட்டுக்கும் கீழ் இறங்கியது. ஆயினும் பத்தாண்டு நெருங்கியும் இவ்வறிவு வங்காளதேசச் சிற்றூர்களின் அடுப்படியை எட்டவில்லை.

பிராக் என்னும் தன்னார்வ நிறுவனம் 1979இல் சுல்லாப் பகுதியில் இதற்கான முன்னோட்டத்தைத் தொடங்கி, 1980 முதல் பிற பகுதிகளுக்கும் விரித்தது. பொட்டலங்களை வழங்குவதற்கு மாறாக, அரை சேர் நீரில் மூவிரல் சிட்டிகை உப்பும் கைப்பிடி வெல்லமும் கலக்கும் முறையைப் பெண் பணியாளர்கள் வீடுவீடாகச் சென்று கற்பித்தனர். தாயே தன் கையால் கலந்து காட்ட வேண்டும்; பத்துச் செய்திகளை நினைவில் கொள்ளவும் வேண்டும். சில வாரங்கள் கழித்துக் கண்காணிப்பாளர் சில வீடுகளுக்குச் சென்று வினவுவார். தாய் நினைவில் வைத்திருந்த அளவைப் பொறுத்தே பணியாளரின் ஊதியம் அமைந்தது. கற்பித்தலுக்கன்றிக் கற்றலுக்கு ஊதியம் என்னும் இவ்வேற்பாடு இன்றைய பயிற்சித் திட்டங்களிலும் அரிதே.

தாய்மார் கரைசலைச் சரியாகவே கலந்தனர்; ஆனால் குழந்தை நோயுற்றபோது பலர் அதனைக் கொடுக்கவில்லை. காரணத்தைத் தேடியபோது இரண்டு செய்திகள் வெளிப்பட்டன. ஊர்மக்கள் வயிற்றுப்போக்கை நான்காக வகுத்திருந்தனர். 'டயேரியா' என்ற சொல் அவர்களுக்குக் கடுமையான ஒரு வகையை மட்டுமே குறித்தது. எனவே ஏனைய வகைகளுக்குக் கரைசல் உரியதெனத் தாய்மார் கருதவில்லை. அதனினும் வியப்பானது, பணியாளர்களுள் சிலருக்கே அதில் நம்பிக்கை இல்லாமை. தமக்கு நோய் வந்தால் அவர்கள் மாத்திரையையே நாடினர். ஊதிய முறை எவ்வளவு நுட்பமாயினும் இக்குறையை அது காட்டித்தரவில்லை, ஏனெனில் அது அளந்தது நினைவை மட்டுமே.

இதன்பின் பணியாளர்களை டாக்கா ஆய்வுக்கூடத்திற்கு அழைத்துச் சென்று, கரைசல் செயற்படும் விதத்தை நேரில் காட்டினர். கற்பிக்கும்போது பணியாளரும் அதனைப் பருகிக் காட்டும் வழக்கம் ஏற்பட்டது. தொடக்கத்தில் ஒதுக்கப்பட்டிருந்த ஆண்களுக்கும் தனிக் கூட்டங்கள் நடத்தப்பட்டன. 1990இல் திட்டம் நிறைவுறுகையில் ஏறத்தாழ 1.2 கோடி வீடுகளை அது எட்டியிருந்தது.