தாங்கும் கையும் திரும்பும் மனமும்

1741ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள். இன்று அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தைச் சேர்ந்ததும், அன்று மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் அடங்கியிருந்ததுமான என்ஃபீல்ட் என்னும் சிற்றூரின் ஆலயத்தில் மக்கள் கூடியிருந்தனர். நியூ இங்கிலாந்து முழுவதும் சமய எழுச்சி பரவிக்கொண்டிருந்த காலம் அது. அன்று பிரசங்கம் செய்ய எழுந்தவர் நார்தாம்ப்டன் சபையின் போதகரான ஜொனாதன் எட்வர்ட்ஸ். வயது முப்பத்தேழு. உரத்துப் பேசும் வழக்கமில்லாதவர். ஆயினும் அவர் உரையை முடிக்குமுன்பே ஆலயமெங்கும் அழுகையும் ஓலமும் எழுந்தன. தாம் உய்ய வழி யாது எனக் கேட்டு மக்கள் கதறினர். பேச்சை நிறுத்த நேரிட்டது. இதனை அன்று உடனிருந்த ஸ்டீபன் வில்லியம்ஸ் என்ற போதகர் தம் நாட்குறிப்பில் பதிந்திருக்கிறார். அவர் 1704இல் டியர்ஃபீல்ட் ஊர் தாக்கப்பட்டபோது பத்து வயதில் சிறைபிடித்துச் செல்லப்பட்டவர். அச்சம் இன்னதென்று நன்கறிந்த ஒருவரின் சாட்சியம் என்பதால் அதற்குத் தனி மதிப்புண்டு.

'சினமுற்ற கடவுளின் கைகளில் பாவிகள்' என்பது அந்தப் பிரசங்கத்தின் தலைப்பு. பிற்காலத்தில் அமெரிக்கப் பாடநூல்களில் இது இடம்பெற்றது. அதனால் எட்வர்ட்ஸ் என்றாலே நரக நெருப்பைக் காட்டி மிரட்டியவர் என்ற எண்ணம் நிலைத்துவிட்டது. அவ்வெண்ணம் முற்றிலும் பொய் என்று நாம் சொல்ல வரவில்லை. எனினும் அப்பிரசங்கத்தைப் பொறுமையுடன் படிப்போர்க்கு நெருப்பைக் காட்டிலும் பெரிய செய்தியொன்று புலப்படும்.

உபாகமம் 32ஆம் அதிகாரத்தின் 35ஆம் வசனத்தில் வரும், கால் இடறுதல் பற்றிய சொற்களே அவர் எடுத்துக்கொண்ட ஆதாரம். வழுக்கு நிலத்தில் நடப்பவனைப் பிறர் தள்ள வேண்டியதில்லை. அவன் உடற்பாரமே அவனை வீழ்த்திவிடும். அப்படியாயின், அவன் இந்த நொடிவரை விழாமல் நிற்பது எதனால்? உடல்நலத்தாலா? அறிவாலா? முன்னெச்சரிக்கையாலா? எதனாலும் இல்லை, கடவுளின் விருப்பம் ஒன்றினால் மட்டுமே என்பது எட்வர்ட்ஸின் விடை. தீயின்மேல் தொங்கும் சிலந்தி என்ற அவருடைய புகழ்பெற்ற உவமையில் தீ மட்டும் இல்லை, அச்சிலந்தியைப் பிடித்திருக்கும் ஒரு கையும் இருக்கிறது. வீழ்த்த வல்ல அதே கைதான் இதுகாறும் தாங்கியும் நிற்கிறது. இறையாண்மை என்பதற்கு அவர் கண்ட பொருள் இதுவே. ஆகவேதான் இரக்கத்தின் வாயில் இன்று திறந்திருக்கிறது என்ற அழைப்போடு அப்பிரசங்கம் முடிகிறது.

சிலந்தி அவருக்குப் புதிதன்று. 1723இல், இருபது வயது இளைஞராக, சிலந்திகள் தம் நூலிழையின் துணையால் மரத்துக்கு மரம் காற்றில் மிதந்து செல்வதை உற்றுநோக்கி நீண்ட கடிதமொன்று எழுதியவர் அவர். படைப்பின் நுட்பத்தைக் கண்டு களித்த அந்த வியப்பையும் என்ஃபீல்டின் அச்சத்தையும் சேர்த்தே நாம் காணவேண்டும்.

இக்கொள்கை அவருக்கே எளிதில் கைவந்ததன்று. தம் ஆன்மிக வாழ்வைப் பற்றி அவர் எழுதிய குறிப்பில், கடவுள் சிலரை மீட்புக்குத் தெரிந்துகொண்டு ஏனையோரை விட்டுவிடுகிறார் என்ற போதனை சிறு வயதில் தமக்குக் கொடியதாகத் தோன்றியது என்று வெளிப்படையாகக் கூறுகிறார். எவ்வாறு மனம் மாறிற்று என்பதை அவரால் விளக்க இயலவில்லை. எதிர்ப்பு ஒருநாள் இல்லாமற் போயிருந்தது. பின்னர் அதே போதனை இனிமையும் ஆயிற்று. முன்பு இடியோசைக்கு நடுங்கியவர், பிறகு அதே ஓசையில் இறைவனின் மாட்சியைக் கேட்டு மகிழ்ந்தார்.

இங்கே ஒரு முடிச்சு உண்டு. யாவும் இறைவனின் முன்குறிப்பின்படியே நடக்குமென்றால், மனந்திரும்புங்கள் என்று மக்களை அழைப்பதில் பொருள் என்ன? ஊழும் முயற்சியும் பற்றி நெடுங்காலம் சிந்தித்த மரபினராகிய நமக்கு இவ்வினா அயலானதன்று. ஆனால் ஊழுக்கு முகமில்லை. எட்வர்ட்ஸின் கடவுளுக்கு முகம் உண்டு. 1754இல் வெளியான, மனித விருப்பத்தின் சுதந்திரம் பற்றிய தம் நூலில் அவர் இதற்கு விடை காண முயன்றார். இயலாமை இருவகைப்படும் என்பது அவர் வாதம். பூட்டிய அறைக்குள் இருப்பவன் வெளியே வர இயலாது, அவன்மேல் குற்றமில்லை. கதவு திறந்திருந்தும் வெளியே வர மனமில்லாதவனும் வருவதில்லை. ஆனால் அவனைத் தடுப்பது அவனது விருப்பமே. மனிதன் இரண்டாம் வகையினன். அவனுடைய பொறுப்பும் மாறாது; அவன் உள்ளத்தை மாற்ற இறையருள் வேண்டும் என்பதும் மாறாது. பிரசங்கம் அவ்வருள் பயன்படுத்தும் கருவி.

மனந்திரும்புதல் என்ற நம் கிறித்தவத் தமிழ்ச் சொல்லும் இங்கே எண்ணத்தக்கது. புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல் மனமாற்றத்தைச் சுட்டும். எபிரேயச் சொல் திரும்பி வருதலைச் சுட்டும். இரண்டும் தமிழில் ஒரே சொல்லுக்குள் வந்து அமர்ந்திருக்கின்றன. அழுவது கழிவிரக்கம், நடந்த திசையை விட்டு மறுதிசையில் நடப்பதே திரும்புதல். என்ஃபீல்டின் அழுகையை இந்த அளவுகோலால்தான் அளக்க வேண்டும்.

எட்வர்ட்ஸும் இதை அறிந்தே இருந்தார். 1734-35இல் நார்தாம்ப்டனில் எழுந்த எழுச்சியில் முந்நூறுக்கும் மேற்பட்டோர் மனந்திரும்பியதாக அவர் மகிழ்ந்தார். ஆனால் 1735 ஜூனில் அவருடைய உறவினர் ஜோசப் ஹாலி, தம் ஆன்மாவின் கதி பற்றிய துயரில் மூழ்கித் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். எழுச்சி தணிந்தது. 1750இல், மெய்யான மனமாற்றத்தைச் சாட்சி கூறாதவர்க்குத் திருவிருந்து இல்லை என்று எட்வர்ட்ஸ் உறுதியாக நின்றபோது, அவருடைய சபையே அவரை விலக்கியது. இருநூறுக்கும் மேற்பட்டோர் அவருக்கு எதிராக வாக்களித்தனர். ஆதரவாக 23 பேர் மட்டுமே. விடைபெறும் பிரசங்கத்தில் அவர் சபையாரைச் சபிக்கவில்லை. போதகரும் மக்களும் ஒரே நீதிபதியின் முன் மீண்டும் சந்திக்க வேண்டியிருக்கிறது என்று மட்டும் நினைவூட்டினார்.

அந்த நீதிபதியின் முன் போதகர் கொண்டுசெல்ல வேண்டிய கணக்கும் ஒன்றிருந்தது. 1731 ஜூனில் அவர் நியூபோர்ட் துறைமுக நகரில் வீனஸ் என்ற பெயருடைய, ஏறத்தாழ பதினான்கு வயதுக் கறுப்பினச் சிறுமியை 80 பவுண்டுக்கு விலைக்கு வாங்கினார். அதற்கடுத்த மாதம், ஜூலை 8ஆம் நாள், பாஸ்டனில் நின்று, மனிதன் எல்லாவற்றுக்கும் கடவுளையே சார்ந்தவன் என்று உபதேசித்தார். என்ஃபீல்ட் பிரசங்கத்துக்குச் சரியாகப் பத்தாண்டுகள் முந்தைய நாள் அது. அடிமை வைத்திருந்ததற்காக மற்றொரு போதகர் குறைகூறப்பட்டபோது, எட்வர்ட்ஸ் எழுதிய கடித வரைவில், ஆப்பிரிக்காவிலிருந்து மனிதரைப் பிடித்துவரும் வாணிகத்தைக் கண்டித்தார். ஆனால் அடிமைகளை வைத்திருப்பதை ஆதரித்தார். 1758இல் அம்மைத்தடுப்பு ஊசியின் விளைவால் அவர் இறந்தபோது, அவருடைய உடைமைப் பட்டியலில் டைட்டஸ் என்ற சிறுவனும் ஒரு பொருளாகக் குறிக்கப்பட்டிருந்தான்.

அக்கால வழக்கம் அது என்று சொல்லி நாம் கடந்துவிடலாம். ஆனால் வழக்கத்தைக் காரணம் காட்டுவதை எட்வர்ட்ஸ் தம் சபையாரிடம் ஒருபோதும் ஏற்றுக்கொண்டவர் அல்லர். அவர் சொற்களால் அவரையே நிறுத்துப் பார்ப்பது அவருக்குச் செய்யும் அநீதி ஆகாது.

அந்த வேலையை முதலில் செய்தவர்கள் அவர் வழிவந்தவர்களே. 1741இன் இறுதியில் அவர் இல்லத்தில் தங்கிப் பயின்ற சாமுவேல் ஹாப்கின்ஸ், 1770இல் நியூபோர்ட்டில் போதகரானார். வீனஸ் விலைபோன அதே நகரம்; அடிமை வாணிகத்தால் செழித்த நகரம். 1776இல், விடுதலைக்குப் போராடிய குடியேற்றங்களின் பேரவைக்கே காணிக்கையாக்கி, அடிமைமுறைக்கு எதிரான உரையாடல் நூலொன்றை அவர் வெளியிட்டார். நாட்டுக்கு நேர்ந்துள்ள இன்னல் இறைவனின் தீர்ப்பு என்றும், அடிமைகளை விடுவிப்பதே மெய்யான மனந்திரும்புதல் என்றும் வாதிட்டார். 1791இல் எட்வர்ட்ஸின் சொந்த மகனான இளைய ஜொனாதன் எட்வர்ட்ஸும் அடிமை வாணிகத்தையும் அடிமைமுறையையும் கண்டித்துப் பிரசங்கித்தார்.

அவர்கள் அதற்காகப் புதிய சமயமொன்றைத் தேடிச் செல்லவில்லை. கடவுள் எல்லார்க்கும் மேலானவர். மனிதன் திரும்பியாக வேண்டியவன் என்ற, ஆசானிடம் கற்ற இரண்டையும் ஆசானின் வீட்டு வாசல்வரை கொண்டுசென்றனர். வீனஸின் மனத்தில் என்ன இருந்தது என்பதற்கு மட்டும் நம்மிடம் எழுத்துச் சான்று ஏதுமில்லை. என்ஃபீல்ட் ஆலயத்தில் எழுந்த ஓலம் நாட்குறிப்பில் பதிவாகியிருக்கிறது. அச்சிறுமிக்கு எஞ்சியிருப்பது ஒரு விற்பனைச் சீட்டு. அப்பிரசங்கத்தை இனிப் படிக்கும்போது, அச்சீட்டையும் அருகில் வைத்துப் படிப்பதே நாம் செய்யத்தக்கது.