இலங்கை உள்நாட்டுப் போரும் கருத்துப்படங்களும்

இலங்கையில் 1983 ஜூலை முதல் 2009 மே வரை அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே நடந்த போரையும் அதற்கு வித்திட்ட இனப்பகையையும் நையாண்டி செய்த பத்திரிகை ஓவியங்கள் இக்கட்டுரையின் பொருள். ஈழத்தில் இவற்றைக் கேலிச்சித்திரம் என்றும் சொல்வர். இவ்வகைக்கு முன்னோடிகள் அமெரிக்க உள்நாட்டுப் போரின்போதே உண்டு. தாமஸ் நாஸ்ட் 'ஹார்ப்பர்ஸ் வீக்லி'யிலும் ஜான் டென்னியல் லண்டன் 'பஞ்ச்' இதழிலும் வரைந்தனர். இலங்கையிலோ பத்திரிகை உலகமே சிங்களம், தமிழ், ஆங்கிலம் என மூன்றாகப் பிரிந்து கிடந்தது. ஒரு மொழியார் சிரித்த படம் மற்ற மொழியார் கண்ணில் படுவதே அரிது.

அரசியல் கருத்துப்படத்தை அங்கு வேரூன்றச் செய்தவர் பறங்கியரான ஆப்ரி கொலெட். 1956இல் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய தனிச்சிங்களச் சட்டத்தைக் கொண்டுவந்த பிரதமர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா அவருடைய தூரிகைக்கு ஓயாத தீனி. அறுபதுகளில் கொலெட் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தார். அவருக்குப் பின் வந்த டபிள்யூ. ஆர். விஜேசோம, புஞ்சி சிங்ஞோ என்ற சாமானியனைப் படைத்து 'ஒப்சேவர்', 'தி ஐலண்ட்' நாளேடுகளில் வரைந்தார்.

தமிழில் இக்கலையின் தலைமகன் 'சுந்தர்' என்ற சி. சிவஞானசுந்தரம் (1924–1996). வடமராட்சிக் கரவெட்டியில் பிறந்தவர். கட்டடக்கலை படிக்கப் பம்பாய் சென்று, கருத்துப்படக்காரராகத் திரும்பினார். 'தினகரன்' நாளிதழில் அவர் உருவாக்கிய சவாரித்தம்பர், யாழ்ப்பாணத்து மாட்டுவண்டிச் சவாரிப் பித்தர். வீம்பும் வெள்ளந்தித்தனமும் கலந்த கிராமத்துப் பெரியவர். 1963இல் கொழும்பில் 'சிரித்திரன்' என்ற நகைச்சுவை இதழைத் தொடங்கிய சுந்தர், எழுபதுகளில் அதை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவந்தார். சின்னக்குட்டி, மைனர் மச்சான், மிஸ்ஸிஸ் டாமோடிரன் ஆகியோர் வழியாக ஊரின் போலிப் பவிசையும் சீதனப் பேராசையையும் இதழ் கிழித்தது. கேள்வி-பதில் பகுதியான 'மகுடி பதில்க'ளுக்காகவே இதழ் வாங்கியவர்கள் உண்டு. அரசை மட்டும் திட்டி, தன் சமூகத்தைத் தடவிக்கொடுக்கும் வழக்கம் சுந்தரிடம் இல்லை. ஈழத்துக் கேலிச்சித்திரங்களில் அவருடையவை இன்றும் நிற்பதற்குக் காரணம் அதுவே.

இத்தகைய கேலிக்கு இடம் தரும் பத்திரிகை உலகம் அச்சத்தின் நடுவேதான் இயங்கியது. 1981இல் யாழ் நூலகம் எரிந்த நாள்களில் யாழ்ப்பாணத் தமிழ் நாளிதழான 'ஈழநாடு'வின் அலுவலகமும் எரிக்கப்பட்டது. 1990 முதல் 1995 வரை புலிகளின் ஆட்சியில் இருந்த யாழ்ப்பாணத்தில் அவ்வியக்கத்தைக் கேலி செய்ய வழியில்லை. தெற்கிலும் நிலைமை மெச்சும்படி இல்லை. ஜனாதிபதி பிரேமதாசாவை வரைந்த, 'அத்த' என்ற சிங்கள நாளிதழின் ஓவியர் ஜிஃப்ரி யூனூஸ் 1992இல் தாக்கப்பட்டார். 2000 மே மாதத்தில் போர்ச்செய்தித் தணிக்கையை ஏய்க்க, எல்லாவற்றையும் தலைகீழாக எழுதி ஒரு கட்டுரை வெளியிட்ட ஆங்கில வார இதழ் 'சண்டே லீடர்' இழுத்து மூடப்பட்டது. அது படமன்று, எழுத்துதான். என்றாலும் அங்கதத்தைக் கண்டு அரசு எவ்வளவு மிரண்டது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. 2006 மே 2 அன்று யாழ்ப்பாணத் தமிழ் நாளிதழ் 'உதயன்' அலுவலகத்தில் துப்பாக்கிதாரிகள் புகுந்து ஊழியர் இருவரைக் கொன்றனர். தமிழ்க் கட்சித் தலைவர் ஒருவரைக் கிண்டல் செய்த கருத்துப்படம் அதற்குக் காரணமாகப் பேசப்பட்டது.

இப்போர் கடல் கடந்தும் கருத்துப்படங்களுக்குப் பொருளானது. தமிழகத்தில் 1987 இந்திய–இலங்கை உடன்பாட்டை ஒட்டி வார இதழ்கள் பலவும் படம் போட்டன. பத்திரிகையாளர் சோ ராமசாமியின் 'துக்ளக்' இதழ் புலிகளை விடாமல் சாடியது.

போர் முடிந்தபின் அவந்த ஆட்டிகல, கிஹான் டி சிக்கேரா முதலியோர் நாளிதழ்களில் வரைகின்றனர். ஆனால் போர் முடிந்தும் ஆபத்து நீங்கவில்லை. ஓவியரும் பத்தி எழுத்தாளருமான பிரகீத் எக்னெலிகொட, ஜனாதிபதித் தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு, 2010 ஜனவரி 24 அன்று காணாமல் ஆக்கப்பட்டார். அவர் மனைவி சந்தியா இன்னும் நீதி கேட்டு வருகிறார்.